விளிம்பிலிருந்து நடுவுக்கு: டேனியத் துப்பாக்கியின் மறுவாழ்வு

1864 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 3 ஆம் நாள் டென்மார்க்கின் லுண்ட்பி என்னும் சிற்றூரருகே நிகழ்ந்த போர் மிகச் சிறியது. அது கற்பித்த பாடமோ பெரிது. துப்பாக்கி முனையில் குத்தீட்டி பொருத்திப் பாய்ந்த டேனிய வீரருள் முப்பதின்மருக்கு மேல் மாண்டனர். எதிர்நின்ற பிரஷ்யர் பக்கத்தில் மூவர் காயமுற்றனர், அவ்வளவே. டேனியர் குழலின் வாய்வழியே மருந்து கெட்டித்துச் சுட்டவர்கள். பிரஷ்யரோ பின்புறம் தோட்டாவை இட்டு விரைந்து சுட்டனர். வேறுபாடு வீரத்தில் அன்று, கருவியிலேயே இருந்தது.

அவ்வாண்டுப் போரில் சிலெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளை இழந்த டென்மார்க், 1867 இல் அமெரிக்க ரெமிங்டன் துப்பாக்கியைத் தன் படைக்குத் தேர்ந்தது. அது ஒரு முறைக்கு ஒரே தோட்டா கொள்வது. அடிக்கும் சுத்தியும் குழலின் பின்வாயை மூடும் கட்டையும் இரு தடித்த அச்சாணிகளிற் சுழலும். சுடுங்கால் சுத்தியே கட்டையைத் தாங்கிக்கொள்ளும். எளிமையும் உறுதியும் ஒருங்கே அமைந்த பொறி அது.

ஆயினும் அதன் தோட்டாவில் ஒரு குறை இருந்தது. 11.7 மில்லிமீட்டர் விட்டமுடைய அத்தோட்டா 'விளிம்புத் தோட்டா' வகையைச் சார்ந்தது. தட்டினால் தீப்பற்றும் மருந்து அதன் அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளே பரவியிருக்கும். ஊசி விளிம்பை நசுக்கினால்தான் தீப்பிறக்கும். நசுங்குவதற்கு விளிம்பு மெல்லியதாதல் வேண்டும். ஆகவே கூடு முழுவதுமே மென்மையாக அமைந்தது. மிகுந்த மருந்தின் அழுத்தத்தை அது தாங்காது. ஒருமுறை சுட்டபின் மீண்டும் நிரப்பிப் பயன்கொள்ளவும் இயலாது.

இதற்கு மாற்றாக வளர்ந்தது 'நடுத் தோட்டா'. தீமருந்தைத் தனிச் சிறு கிண்ணத்தில் அடைத்துத் தோட்டாவின் அடிநடுவே பொருத்தும் முறை இது. 1866 இல் இங்கிலாந்தில் பாக்சரும் அமெரிக்காவில் பெர்டனும் இதற்குத் தனித்தனி வடிவம் தந்தனர். கிண்ணம் மட்டுமே நசுங்கினாற் போதுமாதலின், கூட்டைத் தடித்த பித்தளையால் ஆக்கலாம். புதுக் கிண்ணம் பொருத்தி மீண்டும் நிரப்பவும் செய்யலாம்.

1889 இல் டென்மார்க் பல தோட்டாக்களைக் கொள்ளும் 8 மில்லிமீட்டர் கிராக் துப்பாக்கியை ஏற்றது. அப்போது பழைய ரெமிங்டன்கள் பழைய இரும்பாகிவிடவில்லை. 1896 இல் அவை நடுத் தோட்டாவுக்கு ஏற்பத் திருத்தப்பட்டன. விளிம்பை அடித்த ஊசி நடுவை அடிக்கலாயிற்று. 42 மில்லிமீட்டர் நீளக் கூட்டுக்காகக் குடைந்திருந்த தோட்டா அறை, 51 மில்லிமீட்டர் நீளக் கூட்டுக்கு இடங்கொடுத்தது. குழலின் விட்டம் மாறவில்லை. சுழலும் பொறியும் மாறவில்லை.

இத்திருத்தத்தால் ரெமிங்டன் கிராக்குக்கு நிகராகிவிடவில்லை. ஒரு தோட்டாத் துப்பாக்கி ஒரு தோட்டாத் துப்பாக்கியாகவே நின்றது. எனினும் இருபத்தொன்பது ஆண்டு கடந்த கருவி மறுவாழ்வு பெற்றது. காலத்தால் மூத்தது அதன் இரும்பன்று. அதனுள் இட்ட மெல்லிய கூடே. பழமையை முற்றும் தள்ளுவதும் எளிது, முற்றும் போற்றுவதும் எளிது. பழுது எவ்வுறுப்பில் உள்ளதென ஆய்ந்து அதனை மட்டும் மாற்றுவதே அரிது. டேனியத் தொழிலாளர் செய்தது அவ்வரிய செயலே.