நாகவல்லியின் குரல்

ஆலப்புழை மாவட்டத்து முட்டம் ஊரில் ஆலும்மூட்டில் என்றொரு பழைய தறவாடு, அதாவது பரம்பரைக் குடும்ப வீடு. 1921இல் அந்தக் குடும்பத்தின் மூத்தவரும் ஒரு பணிப்பெண்ணும் அங்கே கொலையுண்டார்கள். சொத்துப் பகை என்பார்கள். அந்த ஊர்க்காரர் மது முட்டம் எழுதிய 'மணிச்சித்திரத்தாழ்' என்ற மலையாளப் படத்தின் கதைக்கு அந்த வீடுதான் வித்து என்று சொல்லப்படுகிறது. பாசில் இயக்கிய அந்தப் படம் 1993 டிசம்பர் 25 அன்று வெளியானது.

படத்தில் வரும் மாடம்பள்ளித் தறவாட்டில் தெக்கினி என்ற அறை பூட்டிக் கிடக்கிறது. அதன் சித்திர வேலைப்பாடுள்ள தாழ்தான் படத்தின் பெயர். உள்ளே இருப்பவை, தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்டு, குடும்பத் தலைவரான சங்கரன் தம்பியால் கொல்லப்பட்ட நாட்டியக்காரி நாகவல்லியின் உடைமைகள். கணவன் நகுலனோடு வந்த கங்கா அந்தத் தாழைத் திறந்துவிடுகிறாள்.

எல்லோரும் பேயைத் தேடுகிறார்கள். மனநல மருத்துவர் சன்னி மட்டும் கங்காவின் குழந்தைப் பருவத்தைத் தேடிப் போகிறார். பிழைப்புக்காகக் கல்கத்தா போன பெற்றோர், பாட்டியிடம் விடப்பட்ட சிறுமி, பிறகு அந்தப் பாட்டியிடமிருந்தும் பிரித்தெடுக்க ஒருநாள் வந்து நின்ற அதே பெற்றோர். தெக்கினிக்கு முன்பே அவளுக்குள் ஓர் அறை பூட்டிக் கிடந்தது.

அது திறக்கும் இடத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடல் சிலிர்க்கும். கடைக்குப் போகக் கிளம்பும் கங்காவை நகுலன் தடுக்கிறான். முதலில் கெஞ்சல். பிறகு பார்வை நிலைகுத்துகிறது, குரல் தடிக்கிறது, மலையாளம் நின்று தமிழ் வருகிறது. ஒற்றைக் கையால் கட்டிலைத் தூக்குகிறாள். நகுலன் அதட்டியதும், என்ன நடந்தது என்றே தெரியாமல் தளர்ந்து பழைய கங்காவாகிறாள். கங்காவாக நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்த நடிப்பு அது.

ஏன் தமிழ்? நாகவல்லி தஞ்சாவூர்க்காரி என்பது கதைக்குள் உள்ள காரணம். எனக்குப் படுவது வேறு. நம் வீட்டுப் பெண்ணின் கோபத்தை நம் மொழியிலேயே கேட்கும் தைரியம் நமக்கு இல்லை. பக்கத்து வீட்டு மொழியில் பேசினால்தான் 'இது அவளல்ல' என்று ஆறுதல் கொள்ள முடிகிறது. இந்தக் கதை போன ஊரெல்லாம் இதற்குச் சாட்சி. 2004இல் கன்னடத்து 'ஆப்தமித்ரா'வில் நாகவல்லி தெலுங்கு பேசினாள். அந்த வேடமேற்ற சௌந்தர்யா, படம் திரைக்கு வரும் முன்பே விமான விபத்தில் போய்ச் சேர்ந்திருந்தார். 2005இல் நம் 'சந்திரமுகி'யிலும் தெலுங்குதான். அதே படம் தெலுங்குக்கு மொழிமாற்றமானபோது அவள் ஆடும் பாட்டு தமிழுக்குத் திரும்பியது! 2007இல் இந்தியில் நாகவல்லியின் இடத்தில் வந்த மஞ்சுளிகா வங்காளம் பேசினாள். மலையாள மூலத்தின் சில பகுதிகளைப் பாசிலுக்காகப் படமாக்கிக் கொடுத்த பிரியதர்ஷன்தான் இந்திப் படத்தின் இயக்குநர்.

'சந்திரமுகி'யை நானும் ரசித்தவன்தான். அதில் அந்த வேடமேற்ற ஜோதிகாவின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே நாயகன் வளர்ந்த அளவுக்குப் பாட்டியைப் பிரிந்த அந்தச் சிறுமி சுருங்கிப்போனாள். மூலக்கதையின் உயிரே அவள்தான்.

மூலப்படத்தின் குரலிலும் ஒரு ரகசியம் இருந்தது. ஷோபனாவுக்குப் பின்னணி பேசியவர் மலையாளத்தின் புகழ்பெற்ற கலைஞர் பாக்கியலட்சுமி. கங்காவுக்கும் நாகவல்லிக்கும் அவரே பேசினார் என்றுதான் ஊர் நம்பியது. 2016இல் பாசில் உண்மையைச் சொன்னார்: நாகவல்லியாகப் பேசியவர் தமிழ்ப் பின்னணிக் கலைஞர் துர்கா. நாகவல்லி ஆடும் பாட்டின் தமிழ் வரிகளை எழுதியவர் வாலி என்பதைப் பலரும் அறிவார்கள். அந்தக் கோபத்துக்குக் குரல் கொடுத்த பெண்ணின் பெயர் வெளியே வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஓர் உடலில் இரண்டு பெண்கள் என்று சொன்ன படம், தன் இரண்டாவது பெண்ணை அத்தனை காலம் பூட்டியே வைத்திருந்தது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

2024 ஆகஸ்டில் படம் புதுப்பொலிவோடு மறுபடி திரைக்கு வந்தது. அடுத்த முறை நீங்கள் பார்க்கும்போது, கட்டில் உயரும் அந்தக் காட்சியில் கண்ணைக் கொஞ்சம் மூடிக் கேளுங்கள். பேசுவது துர்கா. பக்கத்தில் இருப்பவரிடமும் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.