கிரண் பேடி: காக்கி உடையில் முப்பத்தைந்து ஆண்டுகள்

பாடசாலையை விட்டு விலகும் நாட்களில் நாங்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொடுத்த ஓட்டோகிராப் புத்தகங்கள் இன்னும் சிலரிடம் இருக்கின்றன. 'எதிர்கால ஆசை' என்ற இடத்தில் ஆசிரியை, வைத்தியர், தாதி, வங்கி உத்தியோகத்தர் என்றெல்லாம் எழுதியிருக்கிறோம். பொலிஸ் என்று ஒருவரும் எழுதவில்லை. அப்படி எழுதலாம் என்ற நினைப்பே எங்களுக்கு வந்ததில்லை. இந்தியச் சஞ்சிகைகளில் குட்டையாக வெட்டிய தலைமுடியும் காக்கி உடையுமாக வந்த ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்த பிறகுதான் இப்படியும் ஓர் உத்தியோகம் உண்டென்பது உறைத்தது. அவர் கிரண் பேடி. நூற்றாண்டு மலரில் கல்வியால் உயர்ந்த பெண்களைப் பற்றி எழுதும்போது அவரது பணிக்காலத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது பொருத்தமென நினைக்கிறோம். அதில் புகழுக்குரியவையும் உண்டு, யோசிக்க வைப்பவையும் உண்டு.

1949 ஜூன் 9 ஆம் திகதி பஞ்சாப்பின் அமிர்தசரஸ் நகரில் நான்கு பெண்பிள்ளைகளுள் இரண்டாமவராகப் பிறந்தார். கன்னியாஸ்திரிகள் நடத்திய பாடசாலையில் படித்தார். அங்கே அக்காலத்தில் விஞ்ஞானம் கற்பிக்கப்படவில்லை. நல்ல இல்லத்தரசிகளை உருவாக்கும் நோக்கில் மனையியல் கற்பித்தார்கள். விஞ்ஞானம் படிக்கவேண்டுமென்பதற்காக ஒன்பதாம் வகுப்பில் அவர் ஒரு தனியார் நிறுவனத்துக்கு மாறினார். கூடப் படித்தவர்கள் ஒன்பதாம் வகுப்பை முடித்தபோது அவர் பத்தாம் வகுப்புப் பரீட்சையிலேயே சித்தியடைந்திருந்தார். ஆய்வுகூடம் இல்லாமல் விஞ்ஞானக் கனவை மடித்து வைத்த எங்கள் மூத்த மாணவிகளுக்கு இதன் அருமை நன்கு புரியும்.

1968 இல் அமிர்தசரஸ் அரசினர் மகளிர் கல்லூரியில் ஆங்கிலத்தில் பட்டம் பெற்றார். 1970 இல் சண்டிகாரில் அரசறிவியலில் முதுமாணிப் பட்டம் பெற்று, பின் இரண்டாண்டுகள் அமிர்தசரஸ் கால்சா மகளிர் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தார். இதற்கிடையே ரென்னிஸ் ஆட்டத்திலும் பெயர் பெற்றார். 1966 இல் இந்தியாவின் கனிஷ்ட தேசிய சம்பியன் அவர்தான். இலங்கை அணிக்கெதிராகக் கொழும்பில் ஆடி லயனல் பொன்சேகா ஞாபகார்த்தக் கிண்ணத்தை வென்ற இந்திய அணியில் அவரும் அவரது சகோதரியும் இடம்பெற்றிருந்தனர். விளையாட்டு மைதானத்தில் கற்றது வாழ்க்கைக்கு உதவும் என்று எங்கள் விளையாட்டு ஆசிரியைகள் சொன்னபோது நாங்கள் சிரித்ததுண்டு. கிரண் பேடியின் கதையைப் படிக்கையில் அந்தச் சிரிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தோன்றுகிறது.

1972 ஜூலையில் அவர் பயிற்சிக்காக முசூரி சென்றார். இந்தியப் பொலிஸ் சேவையின் அதிகாரிகளுள் முதற்பெண் அவர். உடன் பயின்ற எண்பது பேரும் ஆண்கள். 1975 இல் புதுடில்லி சாணக்கியபுரியில் முதல் நியமனம் கிடைத்தது. அதே ஆண்டு ஜனவரி 26 ஆம் திகதி குடியரசு தின அணிவகுப்பில், முழுக்க ஆண்களைக் கொண்ட டில்லிப் பொலிஸ் அணிக்கு அவர் தலைமை தாங்கினார். அந்த இடம் தானாக வந்ததன்று. முதலில் வேறோர் ஆண் அதிகாரியே தெரிவு செய்யப்பட்டிருந்தார். தனக்கு ஏன் தரப்படவில்லை என்று மேலதிகாரியிடம் நேரே போய்க் கேட்டதாலேயே கிடைத்தது. அணிவகுப்பைக் கண்ட பிரதமர் இந்திரா காந்தி மறுநாள் அவரைக் காலை உணவுக்கு அழைத்தார்.

1978 நவம்பர் 15 இல் இந்தியா கேற் அருகே அகாலி, நிரங்காரி பிரிவினரிடையே எழுந்த மோதலைத் தடுக்க அனுப்பப்பட்ட அணியில் அவர் இருந்தார். வாளேந்திய ஒருவர் அவரை நோக்கிப் பாய்ந்தபோதும், கையில் பிரம்புடன் நின்ற இடத்தை விட்டு அவர் அகலவில்லை. இதற்காக வீரச்செயலுக்குரிய ஜனாதிபதி பொலிஸ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

1981 இல் டில்லியின் போக்குவரத்துப் பொறுப்பு அவரிடம் வந்தது. அடுத்த ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டி அந்நகரில் நடைபெற இருந்தது. தவறாக நிறுத்திய வாகனங்களைப் பாரந்தூக்கி கொண்டு இழுத்துச் சென்றதால் மக்கள் அவரைக் 'கிரேன் பேடி' என்று அழைத்தனர். பிரதமரின் அலுவலக மோட்டார் வண்டியையே அவர் இழுத்துச் சென்றார் என்ற கதை எங்கள் காதுக்கும் எட்டியிருந்தது. உண்மையில் அதைச் செய்தவர் அவருக்குக் கீழ் பணியாற்றிய ஓர் உப பரிசோதகர். 1982 ஓகஸ்டில் அது நிகழ்ந்தபோது பிரதமர் வெளிநாட்டில் இருந்தார். மேலிடத்தின் கோபம் தன் பக்கம் திரும்பியபோது, கிரண் பேடி அந்த உப பரிசோதகரை விட்டுக்கொடுக்கவில்லை. வண்டியை இழுத்தவர் அவரே என்ற கதையைவிட இதுவே பெரிதென்று எங்களுக்குத் தோன்றுகிறது. சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று ஒரு சாதாரண உத்தியோகத்தர் நம்பி நடந்தார். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது அவரது தலைமை.

பின்னர் கோவாவுக்கு இடமாற்றம், மீண்டும் டில்லி. வட டில்லி மாவட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தபோது, திருட்டுகளின் பின்னால் போதைப்பொருள் இருப்பதைக் கண்டு, பொலிஸ் நிலையக் கட்டடங்களிலேயே சிகிச்சை நிலையங்களைத் திறந்தார். 1987 இல் தொடங்கிய 'நவஜோதி' அமைப்பு அதிலிருந்து பிறந்தது. பணியிலிருந்தபடியே சட்டப் பட்டமும், 1993 இல் டில்லித் தொழில்நுட்ப நிறுவனத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

எல்லாம் வெற்றி என்று எழுதினால் அது வரலாறாகாது. 1988 ஜனவரியில், கைதான ஒரு சட்டத்தரணிக்கு விலங்கிட்டதையொட்டி டில்லிச் சட்டத்தரணிகள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கினர். அவரது அலுவலகத்துக்கு வந்த சட்டத்தரணிகள்மீது பொலிஸார் தடியடி நடத்தினர். விடயம் நாடெங்கும் பேசப்பட்டது. நீதிபதி வாத்வா தலைமையிலான ஆணைக்குழு அவரது நடத்தையைக் குறைகூறியது. தாம் கடமையையே செய்ததாக அவர் கூறிவந்தார். துணிச்சல் எங்கே முடிகிறது, அதிகாரத்தின் கடுமை எங்கே தொடங்குகிறது என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான கேள்வி. பெண் என்பதால் அவரை அதிகம் ஏசுவதும் தவறு. பெண் என்பதால் அந்தக் கேள்வியைக் கேளாமல் விடுவதும் தவறு.

மிசோராமில் பணியாற்றிய பின், 1993 மே மாதம் அவர் டில்லி திகார் சிறைச்சாலைகளின் தலைமைப் பொறுப்பேற்றார். பொலிஸ் அதிகாரிகள் எவரும் விரும்பிக் கேட்கும் பதவி அதுவன்று. 2,500 பேருக்கென அமைந்த இடத்தில் எட்டாயிரத்துக்கும் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் வழக்கு முடியாத விளக்கமறியல் கைதிகள். அவர் முதலில் செய்தவற்றுள் ஒன்று முறைப்பாட்டுப் பெட்டி. பூட்டிய பெட்டி ஒவ்வொரு பகுதிக்கும் கொண்டுசெல்லப்பட்டது. கைதிகள் எழுதிப் போட்டவை இடையில் எவர் கையிலும் சிக்காமல் அவரிடம் போயின. எழுத்தறிவு வகுப்புகள், திறந்த பல்கலைக்கழகப் படிப்பு, தாய்மாருடன் சிறையில் வளர்ந்த குழந்தைகளுக்குப் பராமரிப்பு நிலையம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எழுதத் தெரிந்த கைதிகளே தெரியாதவர்களுக்கு ஆசிரியர்களாயினர். 1994 ஏப்ரலில் கோயங்கா அவர்களின் வழிகாட்டலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே நேரத்தில் விபாசனா தியானப் பயிற்சியில் அமர்ந்தனர். அந்த ஆண்டே அவருக்கு ரமோன் மக்சைசாய் விருது கிடைத்தது. மறு ஆண்டு, 1995 மே மாதம், அவர் திகாரிலிருந்து மாற்றப்பட்டார். இரண்டே ஆண்டுகள். ஆனால் 'சிறைச்சாலையும் ஒரு பள்ளிக்கூடம் ஆகலாம்' என்ற எண்ணம் அதன் பிறகு அழியவில்லை.

2003 இல் நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் அமைதிகாப்புத் திணைக்களத்தின் பொலிஸ் ஆலோசகராக நியமிக்கப்பட்டார். அப்பதவியில் அமர்ந்த முதற்பெண் அவரே. நாடு திரும்பிய பின், 2007 இல் டில்லிப் பொலிஸ் ஆணையாளர் பதவி வெற்றிடமானது. சேவை மூப்பில் அவர் முன்னே நின்றார். பதவியோ அவருக்கு இரண்டாண்டு இளையவரான ஆண் அதிகாரிக்குப் போயிற்று. அவர் முன்கூட்டியே இளைப்பாற விண்ணப்பித்தார். முப்பத்தைந்து ஆண்டுச் சேவை அவ்வாறு முடிவுற்றது. பிற்காலத்தில் அரசியலில் இறங்கித் தேர்தலில் தோற்றதும், 2016 முதல் 2021 வரை புதுச்சேரியின் துணைநிலை ஆளுநராக இருந்ததும், அங்கே முதலமைச்சருடன் முரண்பட்டதும் வேறு கதை.

அவருக்கு ஓராண்டு பின் அச்சேவையில் சேர்ந்த காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யாவும் அதே அமிர்தசரஸ் மகளிர் கல்லூரி மாணவி. அவர் 2004 இல் உத்தரகாண்ட் மாநிலத்தின் பொலிஸ் தலைவரானார். இந்தியாவில் ஒரு மாநிலத்தின் பொலிஸுக்குத் தலைமை தாங்கிய முதற்பெண் அவர். முதலில் நுழைந்தவருக்குத் தலைநகரின் உயர் ஆசனம் கிடைக்கவில்லை. பின்னால் வந்தவருக்கு ஒரு மாநிலமே கிடைத்தது. முதல்வராய் இருப்பவர் திறந்த கதவால் மற்றவர்கள் போவது இப்படித்தான். ஒரே கல்லூரி இருவரையும் தந்ததென்பது பழைய மாணவிகளாகிய எங்களுக்கு இனிப்பான செய்தி.

நம் நாட்டுக்கு வருவோம். இலங்கைப் பொலிஸ் சேவையில் 1952 முதல் பெண்கள் சேர்க்கப்பட்டு வருகின்றனர். 2020 இல் பிம்ஷானி ஜாசின் ஆராச்சி பிரதிப் பொலிஸ்மா அதிபராக உயர்ந்தார். அந்தப் பதவியுயர்வுக்கு எதிராக முப்பதுக்கு மேற்பட்ட ஆண் அதிகாரிகள் உயர் நீதிமன்றம் சென்றனர். பதவியுயர்வு விதிகள் ஆண்களையே குறிப்பிடுகின்றன என்பது அவர்கள் முன்வைத்த வாதங்களில் ஒன்று. பெண்கள் சேர்ந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகளான பின்னும் விதிப்புத்தகத்தின் சொற்களில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை.

இதை நாங்கள் தூரத்துச் செய்தியாகப் பார்க்க முடியாது. வடக்கு, கிழக்கு, மலையகத்தில் ஒரு பெண் பொலிஸ் நிலையத்துக்குப் போகும் நாள் அவள் வாழ்வின் மிக மோசமான நாளாகவே பெரும்பாலும் இருக்கும். அவள் சொல்வதைத் தமிழில் கேட்டு, தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்க ஒரு பெண் உத்தியோகத்தர் இருந்தால் அந்த நாள் சற்றுத் தாங்கக்கூடியதாகும். அந்தக் கதிரையில் அமர வேண்டியவர்கள் நம் பாடசாலைகளிலிருந்துதான் வரவேண்டும். போர்க்கால நினைவுகளால் நம் வீடுகளில் காக்கி உடைமீது இன்னும் தயக்கம் உண்டு. அந்தத் தயக்கத்தை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் தயக்கம் தொடரும்வரை கதிரையும் வெறுமையாகவே இருக்கும்.

இன்று பாடசாலையை விட்டு விலகும் தங்கைகள் ஓட்டோகிராப் எழுதுவதில்லை. கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருத்தி 'நான் பொலிஸில் சேரப்போகிறேன்' என்று வந்து நின்றால், 'உனக்கேன் பிள்ளை இந்த வேலை' என்று நாங்கள் கேட்காமல் இருப்போம். விண்ணப்பப் படிவத்தை நிரப்ப அவளுக்கு உதவுவோம். நூறு ஆண்டு கண்ட பாடசாலையின் பழைய மாணவிகளால் அதைச் செய்ய முடியும்.