அரிவாளும் களத்துப் பங்கும்

ஓரூரின் அறநிலையை அறிய வேண்டுவார் அவ்வூர் நெற்களத்தை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

தேனி மாவட்டத்து உத்தமபாளையம் வட்டத்திலே, மேகமலை அடிவாரத்தில், சண்முகாநதி அணைக்கு அணித்தாக உள்ளது ராயப்பன்பட்டி. இதனை உள்ளிட்ட கம்பம் பள்ளத்தாக்கு நெல்வளத்தாற் பெயர்பெற்றது. மேற்கே ஓடிய பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்புதற்குப் பென்னிகுக் என்னும் பொறியாளர் 1887-ல் தொடங்கிய அணை 1895-ல் நிறைவெய்தியது. மலை குடைந்த சுரங்கவழியே வந்த அந்நீரால் வயல்கள் உறுதி பெற்றன. இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்நிலமாக எண்ணப்படுகின்றது.

பண்டை அறுவடை முறை வருமாறு: கருக்கரிவாளால் தாள் அரிந்து, அரி அரியாக இட்டு, கட்டாகக் கட்டிக் களஞ் சேர்ப்பர், ஓங்கியடித்து நெல்லுதிர்ப்பர், வைக்கோலில் எஞ்சிய மணிகளை எருதுகளை மிதிக்கவிட்டுப் பிரிப்பர், காற்றிலே தூற்றிப் பதர் நீக்குவர். அங்ஙனம் குவிந்த பொலியை அளக்குங்கால் முதன்மரக்காலை ஒன்று என்னாது இலாபம் என்றல் தமிழர் வழக்கு.

நிலமுடையார் தம் பங்கை இல்லத்துக்குக் கொண்டு செல்லுமுன், கொல்லர், தச்சர், வண்ணார், நாவிதர் முதலியோர்க்குக் களத்திலேயே நெல் அளக்கப்பட்டது. இதனை மேரை என்றும் சுதந்திரம் என்றும் வழங்குப. கோயிற்கும் பங்குண்டு. அறுத்தார் பெற்ற கூலியும் நெல்லே.

இக்கூலிநெல்லின் பெருமையைச் சேக்கிழார் பெருமான் நன்கு விளக்கினார். கணமங்கலத்துத் தாயனார் செல்வம் சுருங்கியபின் கூலிக்கு நெல்லரிந்தார். பெற்ற செந்நெல்லை இறைவன் அமுதுக்காக்கி, கார்நெல்லால் தாம் உயிர்வாழ்ந்தார். பின்னர் எல்லாம் செந்நெல்லாகவே, அனைத்தையும் இறைவர்க்கே ஆக்கிக் கீரையுண்டார். திருவமுது நிலவெடிப்பிற் சிந்தியபோது அரிவாளால் தம் மிடற்றை அரியத் துணிந்தமையின் அரிவாட்டாயர் எனப் பெற்றார். உழைப்பாளியின் கருவி அடியார் ஒருவரின் திருப்பெயரிலேயே நிலைபெற்றமை காண்க.

அங்ஙனமாகவும், அரிவாள் பிடித்து உழைத்தோருட் பலர் அந்நெல் அமுதாகும் கோயிலினுட் புக நெடுங்காலம் தடுக்கப்பட்டனர். மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலில் 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள் வைத்தியநாதையர் தலைமையில் அத்தடை நீங்கிற்று. களத்தில் நெல்லளந்த ஊர், கோயில் வாயிலில் அன்பை அளக்க மறந்தது பெருங்குறையே.

இந்நாளில் அறுத்தல், அடித்தல், தூற்றுதல் மூன்றனையும் அறுவடைப்பொறி வயலிலேயே முடிக்கின்றது. முதுகு ஒடிய உழைத்தோர்க்கு அஃது ஆறுதலாதலின் பழிக்கத் தக்கதன்று. ஆயினும், நெல் களங்காணாது வண்டியேறுதலின், ஊரார் பங்கு அளக்கப்பட்ட இடமும் உடன் மறைகின்றது. அரிவாள் ஓயலாம், பங்கு ஓய்தல் கூடாது. பொறிக்கு வாடகை எண்ணிக் கொடுக்குங் கை, கூலியிழந்த குடிக்கும் ஒரு மரக்கால் அளக்குமாயின், அரிவாட்டாய நாயனார் குருபூசை பொருளுடையதாகும்.