பட்டும் திரவப் படிகமும்

காஞ்சிபுரத் தறிகளில் பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்யப்படும் மயில்கழுத்துச் சேலை, பார்க்கும் கோணத்திற்கேற்ப நிறம் மாறுவது நெசவாளரின் கைத்திறன். அந்தப் பட்டுக்கு மூலமான புழுவின் சுரப்போ, நீர்மமாக ஓடியபடியே மூலக்கூறுகள் ஒரே திசையில் அணிவகுக்கும் திரவப் படிக நிலையை அடையக்கூடியது என்பதை 1991-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. 1888-இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ரைனிட்சர் கண்டறிந்த இந்நிலை நெடுங்காலம் கோல் வடிவ மூலக்கூறுகளுக்கே உரியதெனக் கருதப்பட்டிருக்க, சி. வி. இராமனின் சகோதரி மகன் எஸ். சந்திரசேகரும் அவருடைய சகாக்களும் 1977-இல் பெங்களூரு இராமன் ஆய்வு நிறுவனத்தில் தட்டு வடிவ மூலக்கூறுகளிலும் அதைக் கண்டது இந்திய அறிவியலின் பெருஞ்சாதனை. புறஊதா ஒளியில் வளைந்து, கண்ணுறு ஒளியில் நிமிரும் அசோபென்சீன் மூலக்கூறுகளைத் திரவப் படிகத்தில் கலந்தால் அதன் அணிவகுப்பு குலைந்து மீள்வதால், ஒளியைக் கொண்டே ஒளியின் பாதையைத் திறந்து மூடும் சாதனங்கள் சாத்தியமாகின்றன. பட்டு நகரத்துப் பள்ளிகளில் இவ்வரலாறு பாடமாக வேண்டும்.