டியர்போர்ன்: ஓர் ஊரின் மீது படிந்த எண்ணங்கள்

அமெரிக்காவில் குடியேறும் நம் பிள்ளைகள் வீடு தேடுகையில், ‘நல்ல பகுதி’, ‘மோசமான பகுதி’ என்னும் சொற்கள் அவர்கள் காதில் விழுகின்றன. அப்பெயர்களைச் சூட்டியவர் யார் என்று நாம் கேட்பதில்லை. மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரும், அதனை ஒட்டிய டியர்போர்னும் அதற்கு விடை கூறுகின்றன.

1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் அமைப்பு, நகரங்களின் வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டியது. பச்சை சிறந்த பகுதி; சிவப்பு ஆபத்தான பகுதி. கறுப்பின மக்களின் தெருக்கள் பெரும்பாலும் சிவப்பாயின. 1941இல் டெட்ராய்ட்டில், அத்தகைய குடியிருப்பின் அருகே வெள்ளையருக்கு வீடு கட்ட முனைந்த ஒருவர், அரசின் கடன் உத்தரவாதம் பெறுவதற்காக இடையில் ஆறடிச் சுவர் எழுப்பினார். அச்சுவர் இன்றும் நிற்கிறது.

கடன் மறுக்கப்பட்ட தெருக்களில் வீடுகள் பழுதடைந்தன. கண்டோர் அங்கு வாழ்ந்தோரின் குணத்தைப் பழித்தனர். கடன் கிடைத்த புறநகர்கள் செழித்தன. அச்செழிப்பு அம்மக்களின் ஒழுக்கத்திற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. ஆலைகளும் வெளியேற, 1950இல் சுமார் 18.5 லட்சமாக இருந்த டெட்ராய்ட்டின் மக்கள்தொகை, 2010இல் சுமார் 7.1 லட்சமாகச் சுருங்கியது.

டியர்போர்னின் கதை வேறு. ஃபோர்டு ஆலையில் வேலை தேடி லெபனான், ஏமன் நாட்டு முஸ்லிம்கள் அங்குக் குடியேறினர். எனினும் 1942 முதல் 1978 வரை மேயராக இருந்த ஆர்வில் ஹப்பர்ட், கறுப்பினத்தவர் குடிவருவதை வெளிப்படையாக எதிர்த்தார். அரபு மக்கள் வாழ்ந்த தென்பகுதி வீடுகளை நகராட்சி இடித்து வந்தது; மக்கள் 1971இல் வழக்குத் தொடுத்துப் போராடினர். அக்குடியிருப்பு இன்றும் உள்ளது. 2022இல் அப்துல்லா ஹம்மூத் அவ்வூரின் முதல் முஸ்லிம் மேயராகப் பொறுப்பேற்றார்.

ஒருகாலத்தில் ‘வெள்ளையர் ஊர்’ எனப்பட்ட அதே டியர்போர்னை, 2001 செப்டம்பருக்குப் பின் பலர் ஐயத்துடன் நோக்கினர். அங்கு ஷரீஅத் ஆட்சி நடப்பதாகவும் வதந்தி பரப்பினர். அவ்வதந்தி நம்மை வருத்துகிறது. ஆயின், கறுப்பினத்தவர் வாழும் தெருவை விசாரியாமலே ‘மோசமான பகுதி’ என நாம் ஒதுக்கும்போது செய்வதும் அதுவேயன்றோ? மிகுந்த ஐயத்தைத் தவிர்க்குமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டுள்ளான். வீடு தேடும் நாளிலும் அக்கட்டளை நம்மோடு வரவேண்டும்.