இணையதளம் நடத்த அறிந்திருக்க வேண்டிய அடிப்படைச் சொற்கள்

ஜமாஅத், மதரஸா, பள்ளிக்கூடம், அறக்கட்டளை எனப் பல அமைப்புகளும் இன்று இணையதளம் வைத்துள்ளன. பெரும்பாலும் கணினி தெரிந்த ஒரு சகோதரர் அதை அமைத்துக் கொடுக்கிறார். அவர் வேலைக்காக வெளிநாடு சென்றபின் பாஸ்வேர்டு யாரிடம், பணம் எங்கே கட்டுவது என்பது மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. தளம் நின்றுபோனால் பல வருடச் செய்திகளும் படங்களும் அதோடு போய்விடும். பொறுப்பில் இருப்பவர்கள் சில சொற்களை அறிந்திருந்தாலே இதைத் தவிர்க்கலாம்.

சி.எம்.எஸ்.: உள்ளடக்க மேலாண்மை மென்பொருள். புரோகிராமிங் தெரியாதவரும் தளத்தில் எழுதவும் படம் சேர்க்கவும் இது உதவுகிறது. 2003-ல் வெளிவந்த வேர்ட்பிரஸ், 2001-ல் வெளிவந்த துருபல், 2005-ல் தொடங்கிய ஜூம்லா ஆகியவை இலவசமாகக் கிடைப்பவை. ஜூம்லா என்ற பெயர், 'அனைத்தும் சேர்ந்து' என்ற பொருளில் அரபியிலிருந்து சுவாஹிலி மொழிக்குச் சென்ற சொல்லிலிருந்து வந்தது.

டொமைன்: தளத்தின் முகவரி. இது சொந்தமாக வாங்குவதல்ல. குறிப்பிட்ட காலத்துக்குப் பதிவு செய்வது. உரிய காலத்தில் புதுப்பிக்காவிட்டால் வேறு யாரும் அதைப் பதிவு செய்துகொள்ள முடியும்.

ஹோஸ்டிங்: தளத்தின் கோப்புகள் இருக்கும் சர்வர் இடம். டொமைன் வீட்டு முகவரி என்றால் ஹோஸ்டிங் அந்த மனை. இரண்டுக்கும் தனித்தனியே பணம் கட்ட வேண்டியிருக்கலாம்.

டேஷ்போர்டு: லாகின் செய்ததும் வரும் நிர்வாகப் பக்கம். எழுதுவது, திருத்துவது, நீக்குவது எல்லாம் இங்கேதான்.

போஸ்ட், பேஜ்: செய்தி, கட்டுரை, அறிவிப்பு போன்று தேதியோடு வருபவை போஸ்ட். 'எங்களைப் பற்றி', 'தொடர்பு' போன்று நிலையாக இருப்பவை பேஜ்.

கேட்டகரி, டேக்: கட்டுரைகளைப் பிரித்து வைக்கும் முறை. கேட்டகரி என்பது அலமாரியின் தட்டு. டேக் என்பது கட்டுரை மேல் ஒட்டும் சீட்டு.

பெர்மாலிங்க்: ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான முகவரி. தொடக்கத்திலேயே இதை முடிவு செய்வது நல்லது. பிறகு மாற்றினால் வாட்ஸ்அப்பில் பகிர்ந்த பழைய இணைப்புகள் திறக்காமல் போகலாம்.

தீம், பிளகின்: தீம் தளத்தின் தோற்றம், அதை மாற்றினாலும் கட்டுரைகள் அழியாது. பிளகின் கூடுதல் வசதி தருவது. தேவையற்ற பிளகின்களை நீக்கிவிடுங்கள். மற்றவற்றை அப்டேட் செய்யுங்கள். பழைய பிளகின்கள் வழியாகவே பல தளங்கள் ஹேக் செய்யப்படுகின்றன.

பயனர் நிலைகள்: வேர்ட்பிரஸில் கான்ட்ரிபியூட்டர் எழுதலாம், வெளியிட முடியாது. ஆத்தர் தன் கட்டுரையை வெளியிடலாம். எடிட்டர் எவருடைய கட்டுரையையும் திருத்தி வெளியிடலாம். அட்மினிஸ்ட்ரேட்டருக்கு முழு அதிகாரம் உண்டு. எழுதுபவர் அனைவருக்கும் அட்மின் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டாம்.

பேக்கப்: தளத்தின் நகல். வேர்ட்பிரஸில் கட்டுரைகள் டேட்டாபேஸிலும் படங்கள் தனிக் கோப்புகளாகவும் இருப்பதால் இரண்டையும் நகலெடுக்க வேண்டும். நகல் அதே சர்வரில் மட்டும் இருந்தால் பயனில்லை. வேறு இடத்திலும் வையுங்கள்.

உங்கள் அமைப்புக்குத் தளம் இருந்தால் நிர்வாகத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியுள்ளது? அட்மின் கணக்கு குறைந்தது இருவரிடம் உள்ளதா? கடைசியாக பேக்கப் எடுத்தது எப்போது? பதில்களை ஒரு தாளில் எழுதி அலுவலகக் கோப்பில் வையுங்கள். பாஸ்வேர்டை மட்டும் தனியே பாதுகாப்பாக வையுங்கள். பொறுப்பாளர்கள் மாறினாலும் தளம் தொடர்ந்து நடக்கும், இன்ஷா அல்லாஹ்.