அமிர்தம் நியூட்ரிமிக்ஸ்

கேரள அங்கன்வாடிகள் 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வழங்கும் சத்துமாவு. காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் கலவையை வகுத்தது. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் வறுத்து, அரைத்து, பொட்டலம் போடுகின்றன. மூலக் கலவையின் 100 கிராமில் கோதுமை 45, கடலைப்பருப்பு 15, நிலக்கடலை 10, சோயா 10, சர்க்கரை 20 கிராம். சர்க்கரை சற்றுத் தாராளம்தான். கடலை இரண்டும் குறைந்த நீரில் விளைபவை. கோதுமையோ வெளிமாநிலச் சரக்கு. கேரளத்திலேயே உள்ள அட்டப்பாடியின் மானாவாரிக் கேழ்வரகுக்கு மூலக் கலவையில் இடமில்லாதது குறையே: அதன் 100 கிராமில் ஏறத்தாழ 350 மி.கி. கால்சியம் உண்டு. முளைகட்டி உலர்த்தி அரைத்தால் நொதிகள் மாவுச்சத்தை உடைக்கும். கஞ்சி இறுகாது, அதே கிண்ணத்தில் கூடுதல் மாவைக் கரைத்து ஊட்டலாம்.